மூன்றாம் பத்தியில் வேறொரு பிள்ளை

பீடோங் கடைத்தெருவில்
அடகுக்கடைக்கு மேல்மாடி,
சத்தியப் பிரமாண ஆணையர் அலுவலகம்.
படி பதினேழு என்றான் யுகேந்திரன்.
நான் எண்ணியதில்லை.
போன தடவை
இதே படியில் இறங்கியது மட்டும்
நினைவிருக்கிறது.

மூன்று பிளாஸ்டிக் நாற்காலி.
நடுவில் அவன்.
சுவரோரம் புனிதமலர், கதவோரம் நான்.
இரண்டு வருஷம் ஆயிற்று
மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து.
பார்த்தவர்கள்
வீட்டுக் கடனுக்கு வந்த குடும்பம்
என்று நினைத்திருப்பார்கள்.

கடிதத்தை அவளே தயார் செய்திருந்தாள்,
ஜெராக்ஸ் கடை ஆ கியோங்கின் கணினியில்
கிடந்த மாதிரியைத் திருத்தி.
தாயுடன் மட்டும்
நியூசிலாந்தில் பெரியம்மா வீட்டுக்குப்
பிள்ளை சென்றுவர
தந்தையாகிய எனக்குத் தடையில்லை.
மலாயில் இருந்தது.
நான் மனசுக்குள் தமிழில் வாசித்தேன்.
அதனால் கொஞ்சம் தாமதமாகத்தான்
வலித்தது.

பையனின் அடையாள எண்ணுக்கு மட்டும்
இடம் விட்டிருந்தாள்.
மறந்தாளா, வேண்டுமென்றா,
கேட்கவில்லை.
முதல் ஆறும் பிறந்த நாள், எழுதினேன்.
அடுத்த இரண்டு கெடா மாநிலம், எழுதினேன்.
கடைசி நான்கில்
பேனா நின்றது.

செம்பனை ஆலையில்
எடைப்பாலத்தில் உட்காருகிறவன் நான்.
நாற்பது லாரி நம்பர்
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
எந்த லாரிக்கு எந்தப் பக்கம் டயர் மொட்டை,
எவன் குலையில் தண்ணீர் அடிக்கிறான்,
எல்லாம் தெரியும்.

யுகேந்திரன் எட்டிப் பார்த்து
வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான்
தன் கடைசி நான்கையும்.
"டீச்சர் பாடமா எடுத்தாங்கப்பா,
தொலைஞ்சு போனா சொல்றதுக்கு."

ஹாஜி ருஸ்லான் கண்ணாடியை ஏற்றிவிட்டு
முதல் பத்தி படித்தார்,
கையெழுத்து போடும் இடம் பார்த்தார்,
"பெத்தூல்?" என்றார்.
முத்திரை மைப்பெட்டியில் இறங்கியது.
அப்போதுதான்
மூன்றாம் பத்தி என் கண்ணில் பட்டது.

மேற்கண்ட குழந்தை கிரண்தீப் கவுர்
ஜூன் இருபத்தொன்றாம் தேதி
தன் தாயுடன் நாடு திரும்புவார்.

மாற்ற மறந்திருக்கிறாள்.
திரும்பும் தேதி இருப்பது
அந்த ஒரு பத்தியில்தான்.
தாளின்படி
யாரோ ஒரு பெண்பிள்ளை வந்துவிடுவாள்.
என் பையன் போகிறான்.
அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

ஒரு நொடி வாயைத் திறக்கவில்லை.
பொய் சொல்வானேன், ஒரு நொடிக்கு மேலேயே.
இந்தத் தாளோடு போனால்
விமான நிலையத்திலேயே
திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
நான் எதுவும் செய்ய வேண்டாம்.
சும்மா கையெழுத்துப் போட்டால் போதும்.

"யார் இந்தக் கிரண்தீப்?" என்றேன்.

புனிதமலருக்கு முகம் சிவந்தது.
என்னைப் பார்த்தாள்,
ரொம்ப நாளைக்குப் பிறகு நேராக.
பையைக்கூட எடுக்காமல்
படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

ஆ கியோங் கடையில் கூட்டம் போல.
இருபது நிமிஷம்
நானும் அவனும் மட்டும்.
காற்றாடி ஒரு பக்கம் திரும்பி
எங்களுக்கு வராமலே போனது.
"அந்தக் கிரண்தீப் திரும்பி வந்துச்சாப்பா?"
"வந்திருக்கும்."
"எப்படித் தெரியும்?"
"தேதி போட்டிருக்கே."
அவன் அதை நம்பினான்.
ஷூ லேசை
என் பக்கம் நீட்டினான், கட்டிவிடச் சொல்லி.

புதுத் தாள் சூடாக வந்தது.
ஜூன் இருபத்தெட்டு.
எல்லா இடத்திலும் அவன் பெயர்.
போட்டேன்.
முத்திரை விழுந்த சத்தத்துக்கு
யுகேந்திரன் கைதட்டினான்.
பத்து வெள்ளியை
இருவரும் ஒரே நேரத்தில் நீட்டினோம்.
ஹாஜி அவளுடையதை எடுத்துக்கொண்டார்.

பழைய தாளை யாரும் கேட்கவில்லை.
எடைப்பாலத்து மேசை இழுப்பறையில்
ரசீதுக் கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.
லாரி வராத நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன்.
கிரண்தீப் கவுர்
இருபத்தொன்றாம் தேதி வருகிறாள்.